கீழக்கரையை நடந்தே பார்ப்பது எப்படி: தூணில் தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

இராமநாதபுரம் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பாம்பன் பாலத்தைத் தாண்டி இராமேசுவரம் போய்விட்டு அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். இராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில், மன்னார் வளைகுடாவின் கரையில் கீழக்கரை இருக்கிறது. பாண்டியர் காலத்திலிருந்து இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலம்வரை முத்தும் சங்கும் அரிசியும் துணியும் ஏறி இறங்கிய துறைமுகம் அது. மரைக்காயர் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களின் ஊர். அவர்கள் தொழுத கல் பள்ளிவாசல்களில் இன்றும் தொழுகை நடக்கிறது. இடைக்காலத் தமிழகக் கடற்கரை நகரம் ஒன்றை நடந்து பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கீழக்கரையைத்தான்.

இந்த ஊரின் பழைய பள்ளிவாசல்களைப் படிக்க அரபு நாட்டுக் கட்டடக்கலை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபத்தில் நிற்கும் ஒரு தூணைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதனால் இந்த நடை கீழக்கரையில் தொடங்காது. வழியில் இருக்கும் திருப்புல்லாணிக் கோயிலில் தொடங்குகிறது.

எப்போது போகலாம்

டிசம்பர் பாதிக்குமேல் பிப்ரவரி கடைசிவரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் இந்தக் கடற்கரையில் நடப்பது உடம்புக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்மா தொழுகைக்கு ஊரே கூடும் நாளில் பள்ளிவாசல் தூணைப் பார்க்க நிற்பது முறையல்ல. ரமலான் மாதத்தில் பகலில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தில் தெருக்களுக்கு வரும் உயிரைப் பார்க்க விரும்பினால் அப்போதும் வரலாம்; கட்டடம் பார்க்க மட்டும் வேறு மாதம் நல்லது.

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் ரயிலில் இராமநாதபுரத்தில் இறங்கி, கீழக்கரை போகும் பஸ்ஸில் ஏறினால் பாதி வழி தாண்டியதும் திருப்புல்லாணி வரும். காலை ஏழரைக்குள் அங்கே இருந்தால் மற்றதெல்லாம் நேரத்துக்கு நடக்கும். கோயில் மதியம் நடை சாத்திவிடும்.

கையில் தேவையானவை கொஞ்சம்தான். தண்ணீர், தலையை மூட ஒரு துண்டு அல்லது தொப்பி, எளிதாகக் கழற்றி மாட்டும் செருப்பு, ஒரு நோட்டு, பென்சில். போனில் திசைகாட்டி இருக்கட்டும். ஆணும் பெண்ணும் முழங்கையும் கணுக்காலும் மறையும்படி உடுத்திக்கொண்டால் எந்த வாசலிலும் சங்கடம் வராது.

முதல் படி: திருப்புல்லாணியில் ஒரு தூண்

ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். இராமர் தர்ப்பைப் புல்லின் மேல் படுத்த கோலத்தில் இருக்கும் சந்நிதி இங்கே உண்டு. முதலில் சாமியைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் மண்டபத்தில் ஏதாவது ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் உட்காருங்கள். பத்துத் தூணை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றை அரை மணி நேரம் பார்ப்பது மேல்.

கீழிருந்து மேலே போங்கள். அடியில் சதுரமான ஒரு பகுதி. அதற்கு மேல் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய இடைப்பகுதி. இதைக் கட்டு என்பார்கள். மறுபடி சதுரம், மறுபடி கட்டு, கடைசியில் மேற்சதுரம். சதுரம் எட்டுப் பட்டையாக மாறும் மூலைகளில் படமெடுத்த பாம்பு போல ஒரு சின்ன வடிவம் இருந்தால் அது நாகபந்தம். சதுரங்களின் முகப்பில் சிற்பங்கள் இருக்கும்: ஒரு தெய்வம், ஒரு பக்தர், ஒரு யாளி, சில இடங்களில் வெறும் தாமரை.

இனி தூணின் தலைக்கு மேல் கையை விரித்தது போல் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகையைப் பாருங்கள். காலம் அறிய இதைவிட நல்ல உறுப்பு கிடையாது. பல்லவர் காலத்தில் போதிகையின் அடிப்பக்கம் அலை அலையாக இருக்கும். தரங்கப் போதிகை என்று பெயர். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு துருத்தல் வந்தது, வெட்டுப் போதிகை. பிற்காலப் பாண்டியர், விஜயநகரக் காலங்களில் அந்த நுனி வளைந்து கீழே இறங்கி, வாழைப்பூவின் முனைபோல் மொட்டாகத் தொங்க ஆரம்பித்தது. அதுதான் பூமுனைப் போதிகை. நாயக்கர், சேதுபதி காலத்துக் கட்டடங்களில் அடிக்கடி காண்பது இதுதான்.

அழகுக்காக மட்டும் போதிகை அங்கே இல்லை. கல் எவ்வளவு பாரத்தையும் மேலிருந்து தாங்கும். ஆனால் வளைந்தால் முறிந்துவிடும். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும் கல் உத்திரம் நீளமாக இருந்தால் நடுவில் பிளந்துவிடும். போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி உத்திரத்தின் இடைவெளியைக் குறைக்கிறது. கல் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதன் காரணமும் இதுதான்.

நோட்டில் அந்தத் தூணை ஒரு கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள். படம் வரைய வராது என்று விட்டுவிடாதீர்கள். எங்கே சதுரம், எங்கே கட்டு, போதிகையின் நுனி எப்படி வளைகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். இதே பக்கத்தின் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அதில் வரையப் போவது கீழக்கரையில்.

வெளியே வரும்போது மண்டபத்தின் ஓரத்தில் மழைநீர் வழிய வளைந்து இறங்கும் கொடுங்கையையும், அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் குதிரை லாட வடிவக் கூடுகளையும் பாருங்கள். அந்தக் கூடுகளுக்குள் ஏதாவது ஒரு முகம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயிலில் பாயசம் கிடைத்தால் குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

இரண்டாம் படி: கடலிலிருந்து ஊருக்குள்

கீழக்கரையில் இறங்கியதும் நேராகப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டாம். கடற்கரைக்கு வழி கேட்டுப் போங்கள். கப்பலில் வந்து இறங்கியவனுக்கு ஊர் எப்படித் தெரிந்ததோ அப்படிப் பார்த்தால்தான் இதன் அமைப்பு பிடிபடும். கரையில் நின்று பார்த்தால் கடல் பெரும்பாலும் அலையடங்கித்தான் இருக்கும். எதிரே அப்பா தீவு உட்படச் சிறு தீவுகள். கீழக்கரைத் தீவுகள் உட்பட மொத்தம் 21 தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும், 1986இல் அறிவிக்கப்பட்டது. இந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் அலையின் வேகத்தை உடைக்கின்றன. மரக்கலங்கள் பாதுகாப்பாக நங்கூரமிட இதுவே காரணம்.

அங்கிருந்து பழைய தெருக்களுக்குள் திரும்புங்கள். சிமெண்ட் பூச்சு உதிர்ந்த மதில்கள், இடிந்த காம்பவுண்டுச் சுவர்கள் கண்ணில் பட்டால் நில்லுங்கள். உள்ளே இருக்கும் கல்லில் பூப்பூவாக, துளைத்துளையாகத் தெரிந்தால் அது பவளக்கல். இந்தக் கரையில் கருங்கல் கிடையாது. மணலும் சுண்ணாம்புப் பாறையும் கடலுக்குள் பவளமும்தான். அதனால் சாதாரணச் சுவருக்குப் பவளக்கல். பூசுவதற்குச் சங்கும் சிப்பியும் பவளமும் காளவாயில் சுட்டெடுத்த சுண்ணாம்பு. கருங்கல் தூண் வேண்டுமென்றால் உள்நாட்டிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும். இந்த ஊரில் ஒரு கட்டடம் முழுக்கக் கருங்கல்லில் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு செல்வமும் எத்தனை பேரின் உழைப்பும் இருந்திருக்கும் என்பதைப் பவளக்கல் சுவரைப் பார்த்த பிறகுதான் உணர முடியும்.

பவளம் எடுப்பது இன்று குற்றம். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூட நினைவுக்கென்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சுவர்களில் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியே போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சோடு கல்லையும் சேர்த்து உதிர்த்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்த மராமத்தே சுவரைத் தின்னும் காட்சியை இந்தத் தெருக்களில் பார்க்கலாம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியது.

மூன்றாம் படி: வாசலில் கேட்டுவிட்டுப் போவது

பள்ளிவாசல் வேடிக்கை பார்க்கும் இடமல்ல, தொழும் இடம். மதியத் தொழுகையான லுஹர் முடிந்து, மாலைத் தொழுகையான அஸருக்கு முன்னால் உள்ள நேரம், அல்லது காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைவரை அமைதியாக இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும், பாங்கு சொல்லும் மோதினாரிடமோ பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தின் பெரியவரிடமோ கேளுங்கள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம்:

“காக்கா, பழைய கல் வேலையைப் பார்க்க வந்திருக்கோம். உள்ளே வரலாமா? படம் எடுக்கலாமா?”

இந்த ஊரில் மூத்த ஆண்களைக் காக்கா என்று அழைப்பது வழக்கம். கேட்கிற விதத்தில் கேட்டால் வேண்டாம் என்று சொல்வது குறைவு. சொன்னாலும் சரி என்று வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். முகப்பிலும் கொடுங்கையிலும் படிக்க நிறைய இருக்கிறது. பெண்கள் உள்ளே போகலாமா, எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். வளாகத்தில் அடக்கத்தலம் இருந்தால் கபுருகளில் நட்டிருக்கும் மீசான் கற்களின் மேல் சாய்வதோ உட்காருவதோ கூடாது.

நான்காம் படி: சீதக்காதியின் பள்ளி

நடையின் மையம் இதுதான். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, அதாவது ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், இந்த ஊரின் பெருவணிகர். 1710இல் மறைந்த கிழவன் சேதுபதியின் நண்பர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடே சொல்லும் சீதக்காதி இவர்தான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். அவருடைய கொடையில் எழுந்த கல் ஜும்மா பள்ளி ஊரின் நடுவே நிற்கிறது. அவருடைய அடக்கத்தலமும் அந்த வளாகத்தில்தான்.

முன் மண்டபத்தில் நின்று திருப்புல்லாணியில் வரைந்த பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். அதே கருங்கல். அதே சதுரம், கட்டு, சதுரம். தலைக்கு மேல் அதே போதிகை, அதன் நுனியில் தொங்கும் அதே மொட்டு. மேலே கற்பலகை பாவிய தட்டைக் கூரை. சேது நாட்டில் கோயில் மண்டபம் எழுப்பிய கல்தச்சர் மரபு அப்படியே இங்கே வந்திருக்கிறது. இதற்கு வேறு சாட்சி வேண்டாம், உங்கள் நோட்டே போதும்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் பள்ளித் தூணை வரையுங்கள். வித்தியாசம் தானாக வெளியே வரும். சதுரங்களில் தெய்வம் இல்லை, யாளி இல்லை, மனித முகம் இல்லை. அந்த இடத்தில் பூ, கொடி, இலை, கோலம்போல் பின்னிய வடிவங்கள். உருவம் கூடாது என்ற விதிக்குள் நின்று, தனக்குத் தெரிந்த கலையை ஒரு தச்சர் எப்படி முழுமையாகச் செய்து காட்டினார் என்பதை ஒவ்வொரு தூணாகப் பாருங்கள். வெளியே கொடுங்கையையும் பாருங்கள்; கோயிலில் கூட்டுக்குள் முகம் இருந்த இடத்தில் இங்கே என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கண்ணுக்கு இந்தத் தூண்கள் கோயில் தூண்களைவிட எந்த விதத்திலும் எளிமையானவை அல்ல. பூவுக்கு முழு இடமும் கிடைத்ததால் பூ இங்கே இன்னும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து, கட்டடத்தின் போக்கு. கோயில் மண்டபம் கருவறையை நோக்கி நீளவாக்கில் போகும்; பார்க்க வருகிறவர் வரிசையாக உள்ளே நகர்வார். பள்ளியில் எல்லாரும் தோளோடு தோள் நின்று ஒரே சுவரை நோக்கித் தொழ வேண்டும். அதற்குக் கூடம் அகலவாக்கில் விரிய வேண்டும். ஆனால் கல் உத்திரம் நீளமாகப் போகாது, தூண்களை எடுக்கவும் முடியாது. அதனால் தொழுகை வரிசைகள் தூண் வரிசைகளுக்கு இடையில் அமைகின்றன. கூடத்தின் ஓர் ஓரத்தில் நின்று அந்தச் சந்துகளை நீளத்துக்குப் பார்த்தால் விளங்கிவிடும்.

மேற்குச் சுவரில் மிஹ்ராப், அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசையைக் காட்டும் மாடம். தூணும் உத்திரமுமாக நேர்கோட்டில் போகும் கட்டடத்தில் அந்த மாடத்தின் வளைவு தனியாகத் தெரியும். இங்கே திசைகாட்டியை எடுங்கள். இந்தக் கரையிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. தமிழகக் கடற்கரையின் பழைய பள்ளிகள் பல, ஊரின் தெருப் போக்கையும் தச்சரின் மனையடிக் கணக்கையும் ஒட்டி மேற்கையே பார்த்து நிற்கும். உள்ளே பாய்களை மட்டும் சற்றுச் சாய்வாக விரித்திருப்பார்கள். சுவர் எந்தப் பக்கம், பாய் எந்தப் பக்கம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கோயில் கிழக்கு பார்க்கிறது, பள்ளி மேற்கை நோக்கித் தொழுகிறது. இரண்டுக்கும் வாசல் கிழக்கே அமைவது தச்சருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதும் அப்போது புரியும்.

சீதக்காதியின் ஞானகுருவாகப் போற்றப்படும் சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். அவருடைய தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

ஐந்தாம் படி: பழைய பள்ளி

பழைய ஜும்மா பள்ளி அல்லது பழைய குத்பா பள்ளி என்று கேட்டால் காட்டுவார்கள். நபிகள் நாயகத்தின் காலத்திலேயே, 7ஆம் நூற்றாண்டில், யெமன் நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டியது என்பதும் 11ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது என்பதும் ஊர் மரபு. அரபு வணிகர் இந்தக் கரைக்கு எவ்வளவு காலமாக வந்துபோகிறார்கள் என்ற நினைவை அந்த மரபு காத்து வைத்திருக்கிறது. மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் தேதி சொல்ல வேண்டுமானால் போதிகையைத்தான் பார்க்க வேண்டும். கட்டடங்கள் பலமுறை புதுப்பிக்கப்படும். ஒரே கூடத்தில் வேறு வேறு நூற்றாண்டின் தூண்கள் நிற்கலாம். எது எளிய போதிகை, எது மொட்டுத் தொங்கும் போதிகை என்று பிரித்துப் பார்ப்பதற்குக் காலையில் கற்ற பாடம் உதவும்.

அங்கிருந்து அரூஸிய்யா மதரஸா பக்கம் போகலாம். மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்து பாடம் சொன்ன இடம். காலத்தால் பிந்தியது என்றாலும், இந்தத் துறைமுகம் வணிகத்தோடு கல்வியையும் சேர்த்தே வளர்த்தது என்பதை அங்கே காணலாம்.

ஆறாம் படி: வீடுகளும் சந்துகளும்

மதிய வெயில் தணிந்த பிறகு தெருக்களில் நடங்கள். பழைய வீடுகளில் வாசல் திண்ணை, உள்ளே நடை, அப்புறம் முற்றம். கதவு நிலைகளில் நல்ல மரவேலை இருக்கும். வீடுகள் ஏன் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று தோன்றும். கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சேரும். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு தாய் வீட்டை ஒட்டியே எழும். அக்கா தங்கைகளின் வீடுகள் சேர்ந்தே ஒரு தெருத்துண்டாகிவிடும். ஆண்கள் மாதக்கணக்கில் கடலுக்கு அப்பால் வணிகத்தில் இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு எவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்துப் பாருங்கள். இன்றும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிறவர்களின் வீடுகள் இங்கே நிறைய.

சந்துகளுக்குள் கேமராவைத் தூக்காதீர்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். மரவேலையைப் பார்க்க ஆசையாக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். காட்டுகிற வீடு காட்டும்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. இலங்கையிலும் மலாய் நாட்டிலும் இதே இனிப்பு உண்டு. கப்பல் போன வழியெல்லாம் போயிருக்கிறது.

இன்னொரு நாள் இருந்தால்

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் பார்க்க வேண்டியது. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது; திறந்திருக்கும் நாளை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே சுவரெல்லாம் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைச் சந்திக்கும் ஐரோப்பியர், இராஜராஜேஸ்வரி முன் நிற்கும் முத்து விஜய ரகுநாத சேதுபதி. சீதக்காதிப் பள்ளிக்குப் பிறகு இதைப் பார்த்தால், அந்தத் தூண்கள் எழுந்த அரசியல் சூழல் வண்ணத்தில் கிடைக்கும்.

பெரியபட்டினத்தில் நின்று பார்க்கக் கட்டடம் அதிகம் இல்லை. 1980களில் நடந்த அகழாய்வில் அங்கே 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. கீழக்கரைக்குக் கிழக்கே பக்கத்தில்தான். மண்ணில் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம்.

படமும் குறிப்பும்

பழைய பள்ளிகளிலும் கோயில்களிலும் தூணுக்குப் பெயிண்ட் அடிப்பதும், மணலை வீசிச் சுத்தம் செய்வதும் அடிக்கடி நடக்கிறது. முதலாவது செதுக்கலின் விளிம்புகளை மூடிவிடும்; இரண்டாவது கல்லின் மேல்தோலையே எடுத்துவிடும். அதனால் நீங்கள் எடுக்கும் படம் பின்னால் யாருக்காவது பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எடுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு தூணின் நான்கு பக்கத்தையும் நேராக நின்று எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ பென்சிலோ வைத்தால் அளவு தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், ஒரு பக்கமிருந்து வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில் செதுக்கல் தானே எழுந்து நிற்கும். கிழக்கு வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது தூண் என்று எழுதுங்கள். எழுத்து பொறித்த கல் இருந்தால் அதன் மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தேய்க்காமல் படம் மட்டும் எடுங்கள்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்தப் படங்களில் ஒரு பிரதியைப் பள்ளியின் ஜமாஅத்துக்கும் கோயில் அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த மராமத்து பேசப்படும்போது அவர்கள் கையில் அது இருக்கட்டும்.